பாத்தாச்சு

ஜூலை 20, சனி

மக்களே மக்களே மக்களே, நான் ஜெனிட்டா, தூத்துக்குடி, பி.காம் செகண்ட் இயர், நான் எழுதுன கம்ப்யூட்டர் கோடு கரையானுக்குள்ள போயிருச்சு, இனிமே உலகத்துல எங்கெல்லாம் கரையான் ஓடுதோ அங்கெல்லாம் என் கோடும் ஓடும்!!!

(யாரு இந்த மக்கள்னா, யாரும் இல்ல. இது பூட்டி வச்ச பக்கம். ஃபாலோயர் சைபர். ஃபேமஸ் ஆனதும் தொறந்து விடலாம்னு ஒரு ஐடியா.)

பிற்காலத்துல படிக்கப் போற மக்களுக்கு: கரையான்ங்கிறது ஒரு கெர்னல். கம்ப்யூட்டர ஆன் பண்ணதுல இருந்து டிஸ்க்கு, கீபோர்டு, ஸ்க்ரீன் எல்லாத்தையும் மேய்க்கிறது அதுதான். அது இல்லன்னா கம்ப்யூட்டர் வெறும் தகர டப்பா. கடைக்காரன் "இதெல்லாம் எடைக்குப் போட்டுருங்க"ன்னு சொல்ற பழைய மெஷின்லயும் ஓடணும்னு நாப்பது பேரு சேந்து எழுதுறோம். பஸ்ல, லீவு நாள்ல, சாப்பாட்டு நேரத்துல. சம்பளம் கிடையாது. யாரு வேணா எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம்.

எங்க வழக்கம் என்னன்னா, ஒவ்வொரு பேட்சுக்கும், அதாவது ஒவ்வொரு மாத்தத்துக்கும், அடியில ரெண்டு வரி இருக்கும். 'எழுதினது' ஒண்ணு, 'பாத்தது' ஒண்ணு. அந்தப் பகுதிக்குப் பொறுப்பா இருக்கிறவரு ஒவ்வொரு வரியாப் படிச்சிட்டு "பாத்தாச்சு"ன்னு சொல்லணும். சொல்லிட்டா அவரு பேர நாமளே கீழ போட்டு அனுப்பிக்கலாம். அந்தப் பேரு இருந்தா மெஹர் அக்கா உள்ள சேத்துருவாங்க. (மெஹருன்னிசா அக்கா, கீழக்கரை, இப்ப சிங்கப்பூர். ரிலீஸ் எல்லாம் அவங்க கையில.)

டிஸ்க் பகுதிக்குப் பொறுப்பு இளவழகன் அண்ணன்!! ஓசூர்ல லேத் ஓட்டுறாரு. ஐ.டி.ஐ படிச்சவரு. ஆறு வருஷமா தனியா அந்தப் பகுதிய எழுதிருக்காரு. அவரு கோடுல எழுதி வச்ச குறிப்பெல்லாம் நான் மனப்பாடமா சொல்லுவேன். ஃபேன்னா அப்படி ஃபேன்.

என் பேட்ச் ரொம்பச் சின்னது. பழைய மெஷின்ல ஒரு ஃபைல சேவ் பண்ணா நாப்பது செகண்டு ஆகும். ஏன்னு தோண்டுனா, ஒரு வரி சும்மா டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. அந்த ஒரு வரிய எடுத்தேன். ஒம்பது செகண்டு!! வியாழக்கிழமை அண்ணனுக்கு லிங்க் அனுப்புனேன். வெள்ளிக்கிழமை காலைல ரிப்ளை: "பாத்தாச்சு."

இளவழகன் அண்ணன். என் கோட. பாத்தாச்சு.

குஷில லேப்டாப் மேல மார்க்கர்ல ஒரு கரையான் படம் போட்டு வச்சிருக்கேன், முறுக்கு மீசையோட. அது வியாழக்கிழமையே வரைஞ்சது. அதையும் அண்ணனுக்கு அனுப்பிருந்தேன்.

அம்மா இப்ப கத்துறாங்க. "ஏட்டி, பால பாத்துக்கோன்னு சொன்னேனே, பாத்தியா?" "பாத்தாச்சும்மா"ன்னேன். அடுப்பு பூரா பால்.

ஜூலை 21, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியார் என்ன பிரசங்கம் வச்சாருன்னு கேட்டா சத்தியமா தெரியாது.

ஜூலை 24, புதன்

குரூப்ல வாழ்த்து மழை. கிருபாகரன்னு ஒருத்தர், கோயம்புத்தூர், நாக்கு முழுக்க ஊசி. அவரு போட்டது: "பி.காம்காரங்க டிஸ்க்குல கை வச்சுட்டாங்கோ. அடுத்து கெர்னலுக்கு ஆடிட் ரிப்போர்ட் வருமுங்களா?"

நான்: "வருமுங்க. 'ழ' அடிச்சா 'ள' விழற உங்க கீபோர்டு கோடுதானுங்க மொதப் பக்கம்."

முப்பத்தொரு பேரு சிரிச்சாங்க. அவரே சிரிச்சாரு.

அப்புறம் மெஹர் அக்கா கேட்டாங்க. "இளா நைட் ஷிஃப்ட்ல இருக்கார்னு சொன்னாரே. அதுக்குள்ள பாத்துட்டாரா? பரவாயில்லயே."

"ஆமாக்கா"ன்னு போட்டேன். வயித்துல ஏதோ பண்ணுச்சு. காலைல சாப்பிட்ட பணியாரம் சரியில்ல போல.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயில் கொடியேத்தம். ஊரு பூரா ஜனம். அம்மா தையல் மெஷின விட்டு எந்திரிக்கவே இல்ல, திருவிழாவுக்கு இருபத்திரெண்டு ஜாக்கெட் பாக்கி. கொக்கி தைக்கிற வேலை எனக்கு. ஒரு கைல ஊசி, ஒரு கைல போன்.

மத்தியானம் ரிலீஸ் வந்துருச்சு. கரையான் 0.9. மாத்தங்களோட லிஸ்ட்ல பதினாலாவது வரி நான். 'எழுதினது: ஜெனிட்டா. பாத்தது: இளவழகன்.' ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அம்மாட்ட காட்டுனேன்.

"இது யாரு?"

"பெரிய ஆளும்மா."

"அவரு பாத்து நல்லாருக்குன்னாரா?"

"ம்."

"அப்போ சரி. கொக்கிய இழுத்துப் பாத்துத் தை. போன வருசம் கோயிலுக்குள்ள வச்சு ஒருத்திக்குப் பிடுங்கிட்டு வந்துருச்சு."

ஜூலை 29, திங்கள்

சும்மா எழுதுறேன்.

சாயல்குடி பக்கம் ஒரு ஸ்கூல்ல தவமணி டீச்சர்னு இருக்காங்க. யாரோ கழிச்சுவிட்ட பதினோரு கம்ப்யூட்டர்ல கரையான் போட்டு லேப் நடத்துறாங்க. குரூப்ல அவங்கதான் எங்களுக்குச் செல்லம், பிள்ளைங்க போட்டோ எல்லாம் போடுவாங்க. இன்னிக்கு அவங்க போட்டது:

"புது வெர்ஷன் சனிக்கிழமை போட்டேன். ரொம்ப வேகம், நன்றி. இன்னிக்குக் காலையில பிள்ளைகள் மூணு மாசமா டைப் பண்ண பள்ளி இதழ் முழுக்க ஒரே ஃபைலா சேத்தேன். 'சேவ் ஆச்சு'ன்னு வந்துச்சு. அதை நம்பி தனித்தனிப் பக்கங்களை அழிச்சேன். உடனே கரண்ட் போச்சு. வந்ததும் திறந்தா ஃபைல் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. சைபர். ஏதாவது வழி இருக்கா? பிள்ளைகள்ட்ட இன்னும் சொல்லல."

வேகமாம். நன்றியாம்.

ஜூலை 30, செவ்வாய்

காலேஜ் போகல. தலைவலின்னு சொன்னேன்.

என் லேப்டாப்புல பேட்டரி செத்துப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு, ஒயர உருவுனா ஆஃப். ஒரு ஃபைல் எழுதுனேன், சேவ் பண்ணேன், 'சேவ் ஆச்சு'ன்னு வந்ததும் ஒயர உருவுனேன். தொறந்தேன். காலி. திரும்பப் பண்ணேன். காலி. அந்த ஒரு வரியத் திரும்பப் போட்டுப் பண்ணேன். ஃபைல் அப்படியே இருக்கு.

அந்த வரி சும்மா காத்துக்கிட்டு நிக்கல. டிஸ்க்கு நிஜமா எழுதிருச்சான்னு கேட்டுட்டு, எழுதிட்டேன்னு அது சொன்னதுக்கப்புறம்தான் 'ஆச்சு'ன்னு வெளிய சொல்லும். நான் அத எடுத்துட்டேன். இப்ப எழுதாமலே 'ஆச்சு'ன்னு சொல்லுது.

ஆனா இளா அண்ணன் பாத்தாருல்ல. அவருக்கே தெரியாதப்ப எனக்கு எப்படித் தெரியும்?

இருபத்தஞ்சு தடவை ஒயர உருவிருக்கேன். அம்மா வந்து, "பிளக்கோட என்னட்டி விளையாட்டு, கருகிப் போவ"ன்னாங்க.

ஜூலை 31, புதன்

இன்னிக்கு ஒண்ணும் நடக்கல. இன்னும் நாலு பேரு அதே பிரச்சினைன்னு மெயில் போட்டாங்க. மத்தபடி ஒண்ணும் நடக்கல.

ஆகஸ்ட் 1, வியாழன்

கண்டுபிடிச்சிட்டாங்க. கிருபாகரன்தான். ஒவ்வொரு மாத்தமா எடுத்து எடுத்துப் பாத்துருக்காரு, பதினாலாவதுல நின்னுருச்சு. மெஹர் அக்கா உடனே என் பேட்ச உருவிட்டு புது ரிலீஸ் விட்டாங்க.

என்ன யாரும் திட்டல. அதான் கொடுமை. "ஜெனி புதுசு, தப்பு வரும். அதுக்குத்தானே பாக்கிறவர்னு ஒருத்தர் இருக்கார்"னு எல்லாரும் ரொம்ப அன்பா எழுதுறாங்க. திட்டு பூரா அண்ணனுக்கு.

"இளா, டிஸ்க்குல காத்திருப்ப எடுத்திருக்காங்க, அத எப்படிங்க விட்டீங்க?"

அண்ணன் சாயங்காலம்தான் பதில் போட்டாரு. "என் பேர் இருக்கு. அப்போ நான் பாத்திருக்கேன். மன்னிச்சிருங்க."

ஏன் அப்படிச் சொல்றாரு? நான் பாக்கலயேன்னு சொல்ல வேண்டியதுதானே?

அவரு ரிப்ளைல பாத்தாச்சுங்கிறது தவிர இன்னும் ரெண்டு வார்த்தை இருந்துச்சு. அது பேட்ச் பத்தி இல்ல. அதனால இங்க எழுதல. அவ்ளோதான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கொக்கி எட்டு ஜாக்கெட். தண்ணி லாரி வரல. தவமணி டீச்சர் பிள்ளைங்கட்ட சொல்லிட்டாங்களாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலைல பத்து மணிக்கு எல்லாரும் சேந்து வாய்ஸ் கால். இருபத்தாறு பேரு. நான் மைக்க மூடிட்டு, கட்டில்ல, தலகாணிய மடியில வச்சிக்கிட்டு.

மெஹர் அக்கா முதல்ல டீச்சரப் பேசச் சொன்னாங்க. டீச்சர் கோபப்படவே இல்ல. "நாப்பத்தாறு பக்கம். நாப்பது பக்கத்துக்கு நோட்டுல கையெழுத்து இருக்கு, திரும்ப அடிச்சுக்கலாம். ஆறு பக்கம் மட்டும் முத்துராக்குன்னு ஏழாங்கிளாஸ் பொண்ணு நேரா கீபோர்டுல அடிச்சது. அவ ஆட்டப் பத்தி. திரும்ப எழுதும்மான்னேன். 'கம்ப்யூட்டர் ஆச்சுன்னு சொல்லுச்சுல்ல டீச்சர், அப்புறம் ஏன்?'னு கேட்டா."

அடுத்து பேசுனது கிருபாகரன்.

"கரையான் புத்தெடுத்தா பாம்பு வந்து குடியேறும்பாங்க. இங்க பாம்பே வேண்டாமுங்க. காவலுக்கு நின்ன கரையானே புத்த அரிச்சிருச்சு."

"கிருபா, போதும்"னு அக்கா.

"போதும்னா எப்படிங்க? நான் இவரு பேரப் பாத்துட்டுத்தான் என் தங்கச்சி மெஷின்ல போட்டேன். இளான்னு இருந்தா கண்ண மூடிட்டுப் போடலாம்னு எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன்!"

அண்ணன் குரல் ரொம்ப மெல்ல வந்துச்சு, பின்னாடி ஃபேன் சத்தம். "கிருபா சொல்றது சரிதான். அப்போ ரெண்டு வாரமா நைட் ஷிஃப்ட். எதப் பாத்தேன், எதப் பாக்கலன்னு எனக்கே தெரியல. அப்படிப்பட்டவன் பேர நீங்க நம்பக் கூடாது. டிஸ்க் பகுதிய நான் விட்டுடறேன். வேற யாராச்சும் எடுத்துக்குங்க."

"இளா, அவசரப்படாதீங்க."

"இல்லக்கா, முடிவு பண்ணிட்டேன்."

இங்க ஒண்ணு எழுதணும். என் விரல் மைக் பட்டன் மேலதான் இருந்துச்சு. முழு நேரமும். அம்மா அந்தப் பக்கம் இருந்து "யாருட்டி பேசுறா, ஒரே பஞ்சாயத்தா இருக்கு?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணுமில்லம்மா, குரூப்பு"ன்னேன்.

கால் முடிஞ்சிருச்சு.

ஆகஸ்ட் 4, சாயங்காலம்

அண்ணன்ட்ட இருந்து எனக்கு மட்டும் மெசேஜ். அப்படியே போடுறேன்.

"ஜெனி, ஒரு உதவி. என் போன் போன வாரம் செத்துப் போய் புதுசா போட்டேன், பழைய சாட் எதுவும் இல்ல. உன் பேட்சுக்கு நான் என்ன பதில் போட்டேன்னு உன்கிட்ட இருக்குமா? நான் அதைப் படிச்ச ஞாபகமே இல்ல. துளி கூட இல்ல. எங்க அப்பாவுக்கு நாப்பத்தி ரெண்டு வயசுல மறதி ஆரம்பிச்சுது. இப்படித்தான், செஞ்சதையே செய்யலம்பாரு. எனக்கு முப்பத்தி மூணு. இன்னிக்கு மெஷின்ல கை வைக்கவே பயமாயிருச்சு, அரை நாள் லீவு போட்டுட்டு ரூமுக்கு வந்துட்டேன். குத்தம் சொல்லக் கேக்கல. எனக்குத் தெரிஞ்சா போதும்."

நான் போட்ட பதில்: "தேடிப் பாக்குறேன் அண்ணா."

தேடவா? அது என் போன்ல மேல பின் பண்ணி வச்சிருக்கு. பதினேழு நாளா.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவிழா. லோக்கல் ஹாலிடே. தெருவெல்லாம் பேண்டு, பலூன், சோளப்பொரி. அம்மா புதுச் சேலை கட்டி, "வாட்டி, சப்பரம் பாக்க எடம் பிடிக்கணும்"ன்னாங்க. வயித்து வலின்னேன். "ரெண்டு வாரமா உனக்கு வயித்து வலிதான், தலைவலிதான்"னு முறைச்சிட்டுப் போனாங்க.

இப்ப முழுசா எழுதுறேன்.

வியாழக்கிழமை நான் அண்ணனுக்கு ரெண்டு மெசேஜ் அனுப்புனேன். மொதல்ல பேட்ச் லிங்க். அதுக்குக் கீழ மீசை வச்ச கரையான் போட்டோ. மறுநாள் வந்த ரிப்ளை இதுதான்:

"பாத்தாச்சு. மீசை சூப்பர்."

கோடுக்கு ஏது மீசை.

எனக்கு அப்பவே தெரியும். முதல் செகண்டுலயே தெரியும். ஆனா மொத வார்த்தை எங்க வழக்கத்துல சொல்ற அதே வார்த்தை, எழுத்து மாறாம. ரிலீஸுக்கு மறுநாள்தான் கடைசி தேதி. திரும்பக் கேட்டா அவரு உக்காந்து படிப்பாரு, ஒரு மாசம் ஆகும், அடுத்த ரிலீஸ்தான். படிச்சிருந்தா அந்த வரியப் பாத்ததுமே, "ஏம்மா, இது எதுக்கு நிக்குதுன்னு தெரியுமா?"ன்னு கேட்டிருப்பாரு. அதுவும் எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல. மொத வார்த்தைய மட்டும் எடுத்து அவரு பேரப் போட்டேன்.

எல்லாருக்கும் போற மெயில்ல இதத்தான் எழுதுனேன். ஸ்க்ரீன்ஷாட்டோட. வெட்டாம, ரெண்டு மெசேஜும் தெரியற மாதிரி. 'இளவழகன் இந்தப் பேட்சப் பாக்கல. அவரு பாத்தது என் படத்த. பேரு போட்டது நான், தெரிஞ்சே போட்டேன்.' மூணு வாக்கியத்துக்கு ரெண்டு மணி நேரம். 'தெரிஞ்சே'ங்கிறத நாலு தடவை அழிச்சு எழுதுனேன்.

அனுப்புறதுக்கு முன்னாடி அண்ணனுக்குத் தனியா அனுப்புனேன். "உங்களுக்கு மறதி இல்லண்ணா. நீங்க பாக்கவே இல்ல."

அப்புறம் சென்ட். வெளிய வெடி போட்டாங்க, சப்பரம் தெருவுக்கு வந்துருச்சு போல. நான் போன கவுத்தி வச்சிட்டு, மிச்சமிருந்த ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தச்சேன். ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்துட்டு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அண்ணன் பதில், மொதல்ல வந்தது: "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லண்ணா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

ரொம்ப நேரம் 'டைப் செய்கிறார்', 'டைப் செய்கிறார்'னு காட்டிட்டே இருந்துச்சு. அப்புறம்: "நேத்து அம்மாவுக்கு போன் பண்ணி அப்பாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டேன். அம்மா அழுதாங்க. நீ ஞாயித்துக்கிழமை கால்ல இருந்திருக்க. எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்க. உன்கிட்ட இப்ப என்னால பேச முடியாது ஜெனி."

"சரிண்ணா"ன்னு கூடப் போட முடியல. போட்டா பேசுன மாதிரி ஆயிருமே.

மெஹர் அக்கா கூப்பிட்டாங்க. அக்கா கத்துவாங்கன்னு நெனச்சேன். ரொம்ப சாதாரணமாப் பேசுனாங்க.

"இளா டிஸ்க்க விடல. அது முதல்ல. அப்புறம், நீ ஆறு மாசத்துக்கு எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம்."

"சரிக்கா."

"பாக்கிற வேலை பாரு. மத்தவங்க எழுதுறதப் படி. உன் பேரு 'பாத்தது'ல வராது. வேலை மட்டும்."

"சரிக்கா."

"அழுவுறியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்றத விட்டுட்டேன்னு நெனச்சேன்."

சிரிப்பு வந்துருச்சு, மூக்குச் சளியோட.

வழக்கத்த மாத்துறாங்க. இனிமே 'பாத்தாச்சு'ன்னு ஒத்தை வார்த்தை செல்லாது. எந்த வரிய, அது என்ன செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டுப் பாத்தோம்னு எழுதணும். கிருபாகரன் அதுக்கு 'ஜெனிட்டா சட்டம்'னு பேரு வச்சிட்டாரு. கீழயே இன்னொண்ணும் போட்டிருந்தாரு: "இளா, அரிச்சது நீங்கன்னு சொன்ன வாய அந்தப் புத்து மண்ணாலயே அடச்சுக்கிறேனுங்க."

ஆகஸ்ட் 8, வியாழன்

பூட்டத் தொறந்துட்டேன். ஃபேமஸ் ஆயிட்டேன்ல, நெனச்ச மாதிரி இல்லன்னாலும். மேல இருக்கிறதுல ஒரு எழுத்து மாத்தல. ஜூலை 24 பணியாரம் கூட அப்படியே இருக்கு. அது நல்ல பணியாரம். பாவம்.

இப்ப நிஜ மக்களே, மூணு விஷயம் கேக்கணும்.

உங்க மெஷின்ல, இல்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஸ்கூல்ல, நூலகத்துல, யாரு வீட்டுலயாவது ஜூலை 26 கரையான் 0.9 இருந்தா இன்னிக்கே புதுச போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் 'சேவ் ஆச்சு'ன்னு வந்தா நம்பாதீங்க. அதுக்குப் பின்னாடி காத்திருக்க வேண்டியத எடுத்தது நான்தான். இத எங்கெல்லாம் அனுப்ப முடியுமோ அனுப்புங்க, என் பேரோட.

தவமணி டீச்சர் நாப்பது பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிருக்காங்க. பதிமூணு பக்கம் நான் அடிச்சிட்டேன். பாக்கி இருபத்தேழு. ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கலாம் வாங்க. ஒருத்தர் அடிக்க, இன்னொருத்தர் நோட்டோட வச்சுப் பாக்கணும். பிள்ளைங்க எழுத்துப்பிழைய திருத்தாதீங்க, அது அவங்களுது.

முத்துராக்கோட ஆறு பக்கம் திரும்பாது. அவ திரும்ப எழுத மாட்டேன்னுட்டா. யாரும் அவள வற்புறுத்த வேண்டாம். ஆனா டீச்சர் இதழ்ல அந்த ஆறு பக்கத்தையும் காலியாவே விடப் போறாங்களாம், மேல அவ பேரு மட்டும் போட்டு. அதுக்குக் கீழ ஏன் காலின்னு ஒரு வரி நான் எழுதித் தரணும். நேத்துல இருந்து எழுதி எழுதி அழிக்கிறேன். ஏழாங்கிளாஸ் பிள்ளைக்குப் புரியணும், பொய் இருக்கக் கூடாது. இப்ப கைவசம் இருக்கிறது இதுதான்: 'இந்தப் பக்கங்கள் எழுதப்பட்டன. எழுதாமலே ஆச்சு என்று சொல்லும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தது ஜெனிட்டா.'

சரியா இருக்கா? கீழ சொல்லுங்க. வெறும் 'பாத்தாச்சு'ன்னு மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க. எந்த வார்த்தையப் பாத்தீங்கன்னு சொல்லுங்க.